மூன்று மூட்டை பாக்கி

நான் தச்சன் என்கிறது என் அடையாள அட்டை.
காகிதத்துக்கு வைத்தியம் பார்க்கிறவனுக்கு
அந்தக் கணினியில் கட்டம் இல்லை.
பத்தொன்பது வருடத்துக்கு முன்
விசா வேலை பார்த்த ஹம்தான்
காலியாய்க் கிடந்த கட்டத்தில் என்னை உட்காரவைத்தார்.
இன்றுவரை ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை.

ஷார்ஜாவில் ஆகஸ்ட்.
ரோலாவில் பேருந்துக்கு நிற்கும்போதே
சட்டை முதுகைப் பிடித்துக்கொள்ளும்.
வெளியே காற்றின் ஈரம் எண்பத்தெட்டு.
உள்ளே, மூன்று கதவு தாண்டினால், ஐம்பது.
அந்த ஐம்பதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.
கூடினால் பூஞ்சணம் கண் விழிக்கும்.
குறைந்தால் தோல் அட்டை
கோபக்காரன் உதடுபோல் சுருளும்.

"இன்னைக்கு என்ன வேலை?" என்பாள் தொலைபேசியில் சுடர்க்கொடி.
ஒரு பக்கம்.
"ஒரு பக்கம்னா?"
ஒட்டினேன்.
அவள் தம்பி அபுதாபியில் சாலை போடுகிறான்,
நாளொன்றுக்கு இருநூறு மீட்டர்.
அந்தக் கணக்கில் நான்
இன்னும் வீட்டு வாசலையே தாண்டவில்லை.

கோதுமை மாப்பசை. மூன்று தடவை சலித்து
மோர் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும்.
ஜப்பான் தாளை வெட்டக் கூடாது,
தண்ணீரில் கோடிழுத்துக் கிழிக்க வேண்டும்.
வெட்டிய விளிம்பு யாரோடும் சேராது.
கிழிந்த விளிம்பில்தான் நார் இருக்கும்,
நார்தான் கை நீட்டும்.

பச்சையை நம்பாதே என்பேன் புதிதாக வருகிறவர்களிடம்.
செம்பை உருக்குலைத்துச் செய்த பச்சை.
தோட்டம் தீட்டிய இடமெல்லாம் இப்போது ஓட்டை,
ஈச்ச மரம் நின்ற வடிவத்தில் ஓட்டை,
அதன் வழியே அடுத்த பக்கத்தின் வானம்.

போன செவ்வாய் மேசைக்கு வந்தது
ஒரு மருத்துவச் சுவடி.
முதல் தாளில் யாரோ வேண்டியிருந்தார்கள்:
யா கபீகஜ்,
பூச்சிகளின் அரசே, இந்தப் புத்தகத்தை விட்டுவிடு.
அரசனின் பெயர் வழியாகவே
சுரங்கம் போட்டுப் போயிருந்தது ஒரு பூச்சி.

அட்டை உப்பியிருந்தது. பிரித்தேன்.
கட்டினவன் சிக்கனக்காரன்:
கழித்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டி
அட்டையாக்கியிருந்தான்.
ஈரத்துணியின் கீழ் ஆறு மணி நேரம்.
நான்காவது தாள் விட்டுக்கொடுத்தது.

உம்துர்மான்காரர் இத்ரீஸைக் கூப்பிட்டேன்.
எனக்கு அரபி எழுத்து தெரியும், வேகம் வராது.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார்.
"எழுத்து எங்களுடையது. பேச்சு எங்களுடையது இல்லை.
சிலதுக்குப் புள்ளியும் அதிகம்."
சும்மா சத்தமா வாசிங்க, என்றேன்.

அவர் வாசித்தார், தெரியாத ஊரில்
கடைப் பெயர்ப்பலகை வாசிக்கிற மாதிரி:
அரிசீ.
மூ.
மூ... டே.
பாக்கீ.

என் கையில் இடுக்கி அப்படியே நின்றது.

அரிசி மூணு மூட்டை பாக்கி.
வெள்ளிக்கிழமை தாரேன்னு சொன்னார்.
தரலை.
அடுத்த வரியைப் பூச்சி தின்றுவிட்டது,
சொன்னவர் பெயர் அதில்தான் இருந்திருக்கும்.
அவருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.

"துஆவா?" என்றார் இத்ரீஸ், குரல் தணித்து.
கடன், என்றேன்.
அந்த அறையில் சத்தமாய்ச் சிரிக்கக் கூடாது.
இருவரும் மூக்கால் சிரித்தோம்,
தாள் படபடக்காமல்.

அதை வெளியே எடுத்துத் தனி உறையில் வைக்க ஆசைப்பட்டேன்.
எங்கள் துறைத்தலைவி நவ்ரா சம்மதிக்கவில்லை.
"படம் எடு, எண் போடு.
கட்டினவன் வைத்த இடத்திலேயே இருக்கட்டும்."
வாதாடிப் பார்த்தேன்.
சாயங்காலத்துக்குள் அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது,
அவளிடம் சொல்லவில்லை.

பதிவுப் படிவத்தில் மொழி என்றொரு கட்டம்.
அரபி, பாரசீகம், துருக்கி, உருது, மற்றவை.
மற்றவையை அழுத்தாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.
பிறகு அழுத்தினேன். வேறென்ன செய்ய.
குறிப்புக்கு விட்ட இடத்தில்
மூன்று மூட்டையையும் ஒரு எழுத்து விடாமல் ஏற்றினேன்.

ஐம்பது. ஐம்பது. ஐம்பது.
மூன்று கதவையும் சாத்திவிட்டு வெளியே வந்ததும்
மூக்குக்கண்ணாடி வெள்ளையாய்ப் பூத்தது.
துடைக்கவில்லை.
பேருந்தின் சத்தம் மட்டும் வந்தது,
எண் தெரியவில்லை.